வகுப்பு முடிந்ததும் ஸ்டீயரிங்: டேவிஸில் மாணவர்கள் நடத்தும் பஸ் நிறுவனம்

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவுக்கு மேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது டேவிஸ். மேடு பள்ளம் இல்லாத சமவெளி ஊர். அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். அங்கே இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கிளையில் படிப்பவர்கள் மட்டும் நாற்பதாயிரத்தை ஒட்டி வருவார்கள். இந்த ஊரில் டவுன் பஸ் ஏறினால், ஓட்டுவது இரண்டாம் ஆண்டு உயிரியல் மாணவியாக இருக்கலாம். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவளுக்கு ஒரு வருடம் சீனியர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் 'நீ மூன்று நிமிடம் தாமதம்' என்று சொல்பவரும் மாணவர்தான்.

அந்த பஸ் நிறுவனத்தின் பெயர் யுனிட்ரான்ஸ். பல்கலைக்கழக மாணவர் சங்கமும் டேவிஸ் நகராட்சியும் சேர்ந்து நடத்துகின்றன. சாதாரணமான ஒரு வகுப்பு நாளில் இருபதாயிரம் பேர் வரை பயணம் செய்கிறார்கள். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடக் கணக்கு நாற்பது லட்சத்தைத் தொட்டது. வேலை பார்க்கும் மாணவர்கள் இருநூறுக்கு மேல். முழுநேர ஊழியர்கள் நிர்வாகத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் சிலர், அவ்வளவுதான்.

வளாகத்தில் பசுமைப் போக்குவரத்துக்கு மாணவர்களை வேலைக்கு வைப்பது என்றால் பல இடங்களில் நடப்பது வேறு. டீ-ஷர்ட் கொடுத்து, மேசை போட்டு, 'சைக்கிளில் வாருங்கள்' என்று நோட்டீஸ் கொடுக்கச் சொல்வார்கள். டேவிஸில் அந்த மாதிரி வேலையும் உண்டு. ஆனால் இந்த ஊரை எடுத்துப் பேசுவதற்குக் காரணம், இங்கே மாணவர் வேலை என்பது போக்குவரத்துத் திட்டத்தில் பிறகு ஒட்டவைத்த துணுக்கு அல்ல என்பதுதான். மாணவர்களை எடுத்துவிட்டால் பஸ்ஸே நகராது.

லண்டனிலிருந்து வந்த இரண்டு பஸ்

டேவிஸ் வளாகம் முதலில் வேளாண்மைப் பண்ணையாக இருந்தது. 1959-இல் அது முழுப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்ட பிறகு மாணவர் சேர்க்கை மடமடவென்று ஏறியது. அப்போது வேந்தர் பொறுப்பில் இருந்த எமில் மிராக், மரங்கள் நிறைந்த, சைக்கிள் ஓட்டுவதற்கேற்ற வளாகமாகத் திட்டமிடச் சொன்னார். வளாகத்தின் நடுப்பகுதியில் கார்கள் நுழைய முடியாதபடி ஆயிற்று. ஊருக்குள்ளும் அதே காற்று அடித்தது. 1966 நகராட்சித் தேர்தலில் சைக்கிள் பாதை ஒரு பிரச்சினையாகி, அதை ஆதரித்தவர்கள் ஜெயித்தார்கள். 1967-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக நகரச் சாலையில் சைக்கிளுக்குத் தனித் தடம் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டது டேவிஸில்தான்.

ஆனால் எல்லோரும் சைக்கிளில் வந்துவிட முடியாது. குளிர்கால மழை உண்டு. வாடகை குறைவான அடுக்குமாடி வீடுகள் ஊர் ஓரத்தில் இருந்தன. 1968 பிப்ரவரியில் மாணவர் சங்கம் லண்டனில் ஓடி ஓய்ந்த இரண்டு பழைய டபுள் டெக்கர் பஸ்களை வாங்கி, இரண்டு தடங்களில் ஓட்டத் தொடங்கியது. ஆர்டி என்று அழைக்கப்படும் வகை. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் லண்டனுக்காக ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டவை. மாணவர் சங்கத்துக்குப் புது பஸ் வாங்க வசதியில்லை, பழையதில் இது கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாலும், அந்த இரண்டு வண்டிகள் ஊரில் உண்டாக்கிய பாசத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. இன்றும் அந்த வகை வண்டிகள் சில அங்கே உயிரோடு இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இயற்கை எரிவாயுவில் ஓடும்படி மாற்றியும் இருக்கிறார்கள்.

1972-இல் நகராட்சி பணம் போட ஒப்புக்கொண்டு, பஸ் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கலிபோர்னியா மாநிலம் விற்பனை மதிப்பில் கால் சதவீத அளவுக்கான வரியைப் பொதுப் போக்குவரத்துக்கு ஒதுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. சட்டம் வந்த நேரமும் மாணவர்கள் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நேரமும் ஒத்துப்போயின. நகராட்சிக்குத் தனியாக ஒரு பஸ் நிறுவனம் தொடங்கும் தலைவலி மிச்சம். மாணவர் சங்கத்துக்கு ஊர்ப் பணம் லாபம்.

லைசென்ஸ் வாங்கும் கதை

விண்ணப்பம் போடும் மாணவருக்கு பஸ் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கார் ஓட்டத் தெரிய வேண்டும், ஓட்டிய வரலாற்றில் கரும்புள்ளி இருக்கக்கூடாது, வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். இங்கே நம்மூர் வாசகர் புருவத்தை உயர்த்துவார். இந்திய மோட்டார் வாகனச் சட்டப்படி இருபது வயதுக்குக் கீழே யாரும் பொதுப் போக்குவரத்து வண்டி ஓட்ட முடியாது. அதற்கு முன் இலகு ரக உரிமம் ஒரு வருடமாவது கையில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் மாநில எல்லை தாண்டி ஓட்ட 21 வயது ஆகவேண்டும். மாநிலத்துக்குள்ளேயே ஓட்டுவதென்றால் கலிபோர்னியாவில் 18 போதும். யுனிட்ரான்ஸ் பஸ்கள் டேவிஸை விட்டு வெளியே போவதே அரிது. அந்தச் சின்ன விதிவிலக்கு இல்லாவிட்டால் இந்த நிறுவனத்துக்கு இளங்கலை மாணவர்களில் பாதிப்பேர் கிடைத்திருக்க மாட்டார்கள்.

தேவைப்படுவது பி வகுப்பு வணிக உரிமம், அதன் மேல் பயணிகளை ஏற்றுவதற்கான தனி ஒப்புதல். எழுத்துத் தேர்வில் தேறினால் பழகுநர் உரிமம் கிடைக்கும். அதைக் குறைந்தது 14 நாள் வைத்திருந்த பிறகே ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். 2022 பிப்ரவரி முதல் மத்திய அரசின் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில்தான் கற்றிருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. கலிபோர்னியாவில் பொதுப் போக்குவரத்து பஸ் ஓட்டுபவருக்கு இதற்கு மேல் ஒரு பயிற்சிச் சான்றும் வேண்டும். வெளியில் தனியார் பள்ளியில் இதே உரிமத்துக்குப் படித்தால் ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். இங்கே பயிற்சி இலவசம். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளமும் உண்டு.

பலரும் தடுக்கி விழுகிற இடம் ஸ்டீயரிங் அல்ல, ஏர் பிரேக் சோதனை. பஸ்ஸை எடுப்பதற்கு முன் நடக்கும் சோதனையில் அது ஒரு பகுதி. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பிரேக் மிதியை அழுத்தியபடி ஒரு நிமிடம் உட்கார வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் காற்றழுத்த முள் சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு என்று அர்த்தம். அப்புறம் மிதியை விட்டு விட்டு அழுத்தி அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்க வேண்டும். அறுபது பவுண்டை ஒட்டி எச்சரிக்கை மணி அடிக்கிறதா, இன்னும் இறங்கி நாற்பத்தைந்துக்கும் இருபதுக்கும் நடுவே பார்க்கிங் பிரேக் குமிழ் தானாக டப்பென்று வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று தேர்வாளருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். வரிசை தவறினால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ரோட்டில் எவ்வளவு அழகாக ஓட்டுபவராக இருந்தாலும் சரி. வேலையில் சேர்ந்த பிறகும், தேர்வில் ஒப்பித்த இந்த விவரமெல்லாம் ஒவ்வொரு காலையிலும் டிப்போவில் திரும்ப வரும். முன் டயரில் பட்டன் ஆழம் ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் நான்கு பங்காவது இருக்கிறதா, அவசர வழி திறக்கிறதா, சக்கர நாற்காலிக்கான சாய்பலகை இறங்கி ஏறுகிறதா என்று பஸ்ஸைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். காலை முதல் ட்ரிப்புக்கு வருகிற மாணவர் இதையெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

இன்னொரு விஷயம் மாணவர்களுக்குக் கசக்கும். கலிபோர்னியாவில் 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு 21 வயது நிரம்பியவர் கஞ்சா வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் வணிக வண்டி ஓட்டுபவருக்கு மத்திய அரசின் போதைப்பொருள் சோதனை உண்டு: சேரும்போது ஒருமுறை, அப்புறம் முன்னறிவிப்பில்லாமல் எப்போது வேண்டுமானாலும். மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது என்ற வாதம் அங்கே செல்லாது.  வார இறுதியில் அறைத்தோழர்கள் என்ன செய்கிறார்கள் என்பதிலிருந்து தள்ளி இருக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு ஆகும்.

பழைய லண்டன் பஸ் ஓட்டுவது இதற்கெல்லாம் மேல்படி. அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும் அதற்குத் தனிப் பயிற்சி. அதில் கியர் பெட்டி இன்றைய எந்த வண்டியிலும் இல்லாத தினுசு: அடுத்து வேண்டிய கியரை முன்கூட்டியே நெம்புகோலில் தேர்ந்து வைத்துவிடலாம், இடது கால் மிதியை அழுத்தி விடும்போதுதான் அது உண்மையில் விழும். ஸ்டீயரிங் வலது பக்கம். டிரைவர் உட்காரும் கூண்டு பயணிகளிடமிருந்து தனியாக அடைத்திருக்கும். அதனால் கண்டக்டர் இல்லாமல் அதை ஓட்டவே முடியாது. கண்டக்டர் பதவியே வழக்கொழிந்துபோன நாட்டில், பின்னால் நின்று மணியடித்து வண்டியை எடுக்கச் சொல்லும் கண்டக்டர் வேலைக்கு மாணவர்கள் விண்ணப்பிக்கிற ஊர் இது. 2010-இல் புதிய ரக டபுள் டெக்கர் இரண்டு வந்தன. அவை வழக்கமான பஸ்கள்தான், மாடி மட்டும் கூடுதல்.

அட்டவணை யாருக்காக

தடங்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். பெரும்பாலானவை வளாகத்திலுள்ள இரண்டு நிலையங்களில் ஒன்றில் கிளம்பி, ஊர் ஓரத்துக் குடியிருப்புகளைச் சுற்றி, திரும்பவும் அங்கேயே வந்து சேரும். ஒரு நிலையம் மாணவர் மையமான மெமோரியல் யூனியன் அருகே, இன்னொன்று சைலோ என்ற கட்டடத்தின் பக்கம். வகுப்பு விடும் நேரத்தை ஒட்டிப் பல பஸ்கள் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. வெளியூர்க்காரருக்கு அந்தச் சில நிமிடங்கள் களேபரமாகத் தெரியும். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நிலையம் வெறிச்சோடிக் கிடந்திருக்கும்.

டேவிஸில் கல்வி ஆண்டு பத்து வாரக் காலாண்டுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு காலாண்டுக்கும் மாணவரின் வகுப்பு நேரம் மாறும்; ஆகவே ஒவ்வொரு காலாண்டுக்கும் டிரைவர்களின் ஷிப்டை அடியோடு கலைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். முழுநேர டிரைவர்கள் உள்ள நிறுவனத்தில் எட்டு மணி நேர ஷிப்டுகளாக வெட்டுவது வழக்கம். அங்கே காலை நெரிசலும் மாலை நெரிசலும்தான் பெரிய சிக்கல், நடுவில் டிரைவருக்கு வேலை இருக்காது, சம்பளம் உண்டு. மாணவர்களை வைத்து ஓட்டும்போது அந்தக் கணக்கு தலைகீழாகிறது. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று துண்டு ஷிப்டுகள்தான் அவர்களுக்கே வசதி: கரிம வேதியியலுக்கும் மாலை லேபுக்கும் நடுவே ஒரு ஓட்டம். கூட்டம் வரும் நேரத்துக்கு மட்டும் ஆள் போட முடிகிறது. இந்த நிறுவனத்தின் சிக்கனத்துக்குக் காரணம் கூலி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் இந்தத் துண்டு ஷிப்ட் என்பது என் கணிப்பு. கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலியே 2025-இல் மணிக்கு 16.50 டாலராக இருந்தது. 

வினை எங்கே என்றால், தேர்வு வாரம். பஸ்ஸில் கூட்டம் குறையாது, டிரைவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் தேர்வு. ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் தேடும் வேலை அந்த வாரத்தில் உச்சத்தில் இருக்கும். முழுநேர டிரைவர்களை வைத்திருக்கும் யோலோபஸ், அதாவது டேவிஸைச் சாக்ரமென்டோவோடும் விமான நிலையத்தோடும் இணைக்கும் மாவட்ட பஸ், இந்தக் கவலை இல்லாமல் ஓடுகிறது. ஊருக்குள் மாணவர், ஊர் தாண்டினால் முழுநேர ஊழியர் என்ற பிரிவினை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டது போலத் தெரியவில்லை, ஆனாலும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

பணம் வரும் வழி

இளங்கலை மாணவர்கள் பஸ்ஸில் ஏறும்போது பணம் கொடுப்பதில்லை, அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அவர்களுடைய காலாண்டுக் கட்டணத்திலேயே பஸ்ஸுக்கான தொகை சேர்ந்திருக்கிறது. அந்தக் கட்டணத்தை ஏற்ற வேண்டுமானால் மாணவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி ஜெயிக்க வேண்டும். பஸ் ஓட்டுகிறவரும் ஏறுகிறவரும் வரி போட்டுக்கொள்கிறவரும் ஒரே கூட்டத்தார். ஒரு தடத்தை வெட்டினால், வெட்டியவர் அடுத்த வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

நகராட்சியின் பங்கு, மாநில விற்பனை வரிப் பங்கு, மத்திய அரசு மானியம் ஆகியவை மீதி. மத்திய மானியத்தில் சுவாரசியமான ஒரு பிரிவு உண்டு. இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் தொகை கொண்ட நகரப்பகுதி, தன்னைவிடப் பெரிய நகரப்பகுதிகளின் சராசரியைவிட நன்றாக பஸ் ஓட்டினால் கூடுதல் தொகை தருகிறார்கள். தலைக்கு எத்தனை பயணம், தலைக்கு எத்தனை மைல் என்று ஆறு அளவுகோல்கள். பாதிப்பேர் மாணவராக உள்ள டேவிஸ் போன்ற ஊர், தலைக்கு எத்தனை பயணம் என்ற கேள்வியில் சும்மா ஜெயித்துவிடும். மாணவர் கூட்டத்தால் பஸ் நிரம்புகிறது. நிரம்பியதால் மானியம் கூடுகிறது. அதனால் பாட்டிமார்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் தடங்களும் தாக்குப்பிடிக்கின்றன.

நான்கு வருடத்தில் எல்லோரும் போய்விடுவார்கள்

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதன் உயிரும் ஒன்றுதான். எந்த டிரைவரும் நிலைக்க மாட்டார். முதல் வருடக் கடைசியில் சேர்ந்தால் மூன்று வருடம், இரண்டாம் வருடத்தில் சேர்ந்தால் இரண்டு. நன்றாகக் கைபழகி, மழையிலும் சைக்கிள் கூட்டத்திலும் பதறாமல் ஓட்டுகிற நேரத்தில் பட்டமளிப்பு விழா வந்துவிடும். ஒவ்வொரு ஜூனிலும் மூத்தவர்கள் போக, அந்த இடத்துக்குப் பயிற்சி தயாராக வேண்டும். உண்மையில் இது நிற்காத ஒரு பயிற்சிப் பள்ளி; பஸ் ஓட்டுவது அந்தப் பள்ளியின் செய்முறை வகுப்பு என்று சொன்னாலும் தப்பில்லை.

அதனால்தான் பதவி ஏணி அங்கே அவ்வளவு முக்கியம். டிரைவராகச் சேர்ந்தவர் பயிற்சியாளர் ஆகலாம், கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம், மேற்பார்வையாளர் ஆகலாம், அலுவலகத்தில் அட்டவணை போடும் வேலைக்குப் போகலாம். இருபத்தொரு வயதில் ஒருவர் விபத்து நடந்த இடத்துக்குப் போய், போலீசிடம் பேசி, பயணிகளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காகிதம் எழுதி முடிக்கிறார். பொறியியல் பட்டதாரி வேலை நேர்காணலில் இதைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் ஏணி இருப்பது மாணவர் வளர்ச்சிக்காக என்று மட்டும் பார்ப்பது அரைகுறைப் பார்வை. மூன்றாம் ஆண்டுக்காரர் இரண்டாம் ஆண்டுக்காரருக்குக் கற்றுக்கொடுக்காவிட்டால், ஐந்தாவது வருடம் அந்த நிறுவனத்தில் தடம் தெரிந்தவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

2020 மார்ச்சில் வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது இந்தச் சங்கிலி அறுந்தது. பஸ்ஸில் ஆளில்லை, ஊரிலேயே மாணவர் இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்து 2021 இலையுதிர்காலத்தில் வகுப்பறைகள் திறந்தபோது, முன்பு கற்றுக்கொடுத்தவர்களில் பலர் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள். அமெரிக்கா முழுக்க அப்போது பஸ் டிரைவர் பஞ்சம். பல ஊர்களில் தடங்களைக் குறைத்தார்கள். யுனிட்ரான்ஸும் அதற்கு விலக்கில்லை. மற்ற ஊர்களில் கூலியை உயர்த்தி வெளியிலிருந்து அனுபவசாலிகளை இழுக்க முடிந்தது. இங்கே அந்த வழி கிடையாது. ஒரு டிரைவரை விளைவிக்கச் சில வாரம், ஒரு பயிற்சியாளரை விளைவிக்க ஒரு வருடத்துக்கு மேல். கல்வி நிர்வாகிகள் இந்த மாதிரியைப் பற்றிப் பேசும்போது சிக்கனத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு தலைமுறை தவறினால் மீள எவ்வளவு காலம் ஆகும் என்பதைச் சொல்வதில்லை. அதையும் செலவில் எழுத வேண்டும்.

சைக்கிள் பக்கம்

பஸ்ஸுக்கு இவ்வளவு இடம் கொடுத்தாலும், டேவிஸ் பெயர் வாங்கியது சைக்கிளால்தான். 2010-களில் வெளியான வளாகப் பயண அறிக்கைகளில், வளாகத்துக்கு வருபவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சைக்கிளில் வந்ததாகக் கணக்கு. சைக்கிள்கள் சந்திக்கும் இடங்களில் சிக்னலுக்குப் பதில் ரவுண்டானா வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும் முதல் நாள், புதிதாக வந்தவர்கள் அந்த ரவுண்டானாவில் எதிர்த்திசையில் நுழைந்து இடித்துக்கொண்டு விழுவதைப் பார்க்கவே சீனியர்கள் புல்தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் குரூரமான பொழுதுபோக்குதான்.

அந்தச் சைக்கிள்களைப் பழுது பார்ப்பது பைக் பார்ன். 1971-இல் மாணவர் சங்கம் தொடங்கிய கடை, பழைய பண்ணைக் கொட்டகையில் இன்றும் நடக்கிறது. மெக்கானிக்குகள் மாணவர்கள். பஞ்சர் ஒட்டுவது, செயின் மாற்றுவது, சக்கரக் கோணல் எடுப்பது, வாடகைக்கு விடுவது எல்லாம் அங்கே உண்டு. டேவிஸில் கார் இல்லாமல் இருக்க முடிவது தனித் தடத்தால் மட்டும் அல்ல. திங்கட்கிழமை காலை பத்து மணி வகுப்புக்கு முன்னால் பிரேக் கம்பி அறுந்தால், நடந்துபோகும் தூரத்தில் சரிசெய்ய ஆள் இருப்பதும் காரணம். சைக்கிள் திட்டம் போடுபவர்கள் வழியையும் நிறுத்துமிடத்தையும் வரைந்துவிட்டு இந்த மெக்கானிக்கை மறந்துவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துத் துறையிலும் மாணவர்கள் வேலை பார்க்கிறார்கள். விடுதிக்குப் புதியவர்கள் வரும் நாட்களில் சைக்கிள் பதிவு செய்வது, பூட்டு போடச் சொல்லிக்கொடுப்பது மாதிரியான வேலைகள். ஜூன் முடிந்தால் வேறு மாதிரி வேலை. பட்டம் வாங்கிப் போனவர்கள் நிறுத்துமிடத்திலேயே விட்டுப்போன சைக்கிள்கள் துருப்பிடித்து இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு முதலில் அறிவிப்புச் சீட்டு கட்ட வேண்டும், குறித்த நாள் கழித்தும் அசையாவிட்டால் பூட்டை வெட்டி எடுத்துக் கிடங்கில் சேர்க்க வேண்டும், உரியவர் வராவிட்டால் ஏலம். அழுக்கான வேலை, ஆனால் இதைச் செய்யாவிட்டால் செப்டம்பரில் புதியவருக்கு நிறுத்த இடமிருக்காது.

கணக்கெடுப்பவரும் மாணவர்

மேலே சொன்ன 'நூற்றுக்கு நாற்பது' எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு மாணவர் வேலை இருக்கிறது. டேவிஸில் 1991-இல் தொடங்கப்பட்ட போக்குவரத்து ஆய்வு நிறுவனம் ஒன்று உண்டு. டேனியல் ஸ்பெர்லிங் அதன் நிறுவன இயக்குநர். அங்கே படிக்கும் முதுநிலை மாணவர் ஒருவர்தான் வளாகப் பயணக் கணக்கெடுப்பை நடத்துகிறார். 2007-இல் தொடங்கிய ஆண்டுக் கணக்கெடுப்பு இது. செலவைப் பல்கலைக்கழகப் போக்குவரத்துத் துறை ஏற்கிறது. மாணவர், ஆசிரியர், ஊழியர் என்று பிரித்து ஆட்களைத் தேர்ந்து, போன வாரம் திங்கள் எப்படி வந்தீர்கள், செவ்வாய் எப்படி வந்தீர்கள் என்று நாள்வாரியாகக் கேட்கிறார்கள். 'நீங்கள் வழக்கமாக எப்படி வருவீர்கள்' என்று கேட்டால் ஆட்கள் தங்களுக்குப் பெருமை தரும் பதிலைச் சொல்லிவிடுவார்கள். நாள்வாரியாகக் கேட்டால் மழை பெய்த புதன்கிழமை கார் எடுத்தது வெளியே வந்துவிடும்.

இந்தத் தரவிலிருந்து தெரியவரும் படம் எளிதானது. வளாகத்துக்கு அருகில் இருப்பவர் சைக்கிள், ஊர் ஓரத்தில் இருப்பவர் பஸ், டேவிஸுக்கு வெளியே இருப்பவர் கார். ஊருக்குள் வாடகை ஏற ஏற, ஊழியர்கள் வெளியே குடிபோகிறார்கள், காரில் வருகிறார்கள். அதை பஸ் டிரைவராலோ சைக்கிள் மெக்கானிக்காலோ சரிசெய்ய முடியாது. வீட்டுப் பிரச்சினை அது. அந்த வரம்பைப் பல்கலைக்கழகத்துக்கே எண்ணிக்கையில் காட்டித் தருவதும் ஒரு மாணவரின் வேலையாக இருப்பது எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த அம்சம்.

வேறு ஊருக்கு எடுத்துப்போனால்

டேவிஸ் தனி அதிசயம் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்து அம்ஹர்ஸ்டில் 1969 முதல் மாணவர்கள் பஸ் ஓட்டுகிறார்கள். இன்று அவை அந்த வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தடங்கள். அயோவா பல்கலைக்கழகத்தின் 'கேம்பஸ்' (Cambus) என்ற பஸ் சேவை 1972 முதல் ஓடுகிறது, யாருக்கும் கட்டணமில்லை. இந்த மூன்றும் 1968-க்கும் 1972-க்கும் நடுவில் தொடங்கியவை. மாணவர் எண்ணிக்கை பெருகி, வளாகத்தில் கார் நிறுத்த இடமில்லாமல், மாணவர் சங்கங்களுக்குத் துணிச்சல் இருந்த ஆண்டுகள் அவை. இப்போது புதிதாகத் தொடங்க நினைக்கும் பல்கலைக்கழகம் பெரும்பாலும் தனியார் ஒப்பந்தக்காரரிடம் போய்விடுகிறது. காப்பீட்டுக்காரர் பதினெட்டு வயது டிரைவரைப் பார்த்தால் தயங்குவது ஒரு காரணம். பயிற்சிச் சங்கிலியை முதல் மூன்று வருடம் கையைக் கடித்துக்கொண்டு கட்ட வேண்டியிருப்பது இன்னொன்று. இதில் வேலைவாய்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டணத்தை முடிவுசெய்யும் அதிகாரத்தை மாணவர்களுக்குத் தராமல் விட்டால், கிடைப்பது மலிவான கூலியாட்கள் ஓட்டும் இன்னொரு பஸ் நிறுவனம்தான். டேவிஸ் அப்படி ஆகாமல் இருக்கிறது, இதுவரை.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அட்டவணை போடும் வேலை, கணக்கெடுப்பு, சைக்கிள் கடை எல்லாவற்றையும் இந்த அளவுக்குள் பார்க்கலாம். பஸ் ஓட்டுவது அவ்வளவு எளிதல்ல. வெளிநாட்டவருக்கு வணிக ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் விதிகளை மத்தியப் போக்குவரத்துத் துறை 2025 செப்டம்பரில் கடுமையாக்கியது, அது நீதிமன்றத்துக்கும் போனது. ஆகவே டிரைவர் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் மாநில வாகனத் துறையிலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. பைக் பார்னில் ஸ்பேனர் பிடிக்க எந்த லைசென்ஸும் வேண்டாம்.